அப்பா தூங்கிய இரவு

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)

மலர்க் குழு நண்பர்கள் "உன் துறையைப் பத்தி ஏதாவது எழுதிக் குடுடா" என்று கேட்டபோது இரண்டு நாள் யோசித்தேன். மின்மாற்றியைப் பற்றி எழுதலாமா, சூரிய ஒளி மின்சாரத்தைப் பற்றி எழுதலாமா என்று பார்த்தேன். அதெல்லாம் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கணிப்பொறி வைத்திருக்கிற எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் இது நடக்கும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கடப்பாக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி பஸ்ஸில் போனவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1760-இல் ஆங்கிலேயர் இடித்துப்போட்ட ஆலம்பரைக் கோட்டை எங்கள் பக்கம்தான். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் இடிந்த சுவரையும் கழிமுகத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உப்பளமும் இறால் குளமும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. எங்களுக்குச் சோறு போடுவது அதுதான். அம்மா உப்பளத்துக்குப் போகிறார். அப்பா ஓர் இறால் பண்ணையில் இரவுக் காவல். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவன் நான்தான்.

இரவுக் காவல் என்றால் திருடனைப் பிடிக்கிற வேலை என்று நினைக்காதீர்கள். அங்கே காவல் காப்பது காற்றை. இறால் குளத்தில் துடுப்புச் சக்கரம் போல ஒன்று சுற்றித் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஏரேட்டர் என்று பெயர். பகலில் தண்ணீரில் உள்ள பாசி, சூரிய வெளிச்சத்தில் பிராணவாயுவை உண்டாக்கும். இரவில் அதே பாசி பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். எனவே விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குத்தான் தண்ணீரில் பிராணவாயு மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் ஏரேட்டர் நின்றால் இறாலுக்கு மூச்சு முட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறால் சட்டை உரிக்கும். அப்போது அதற்குத் தெம்பும் இருக்காது. இதையெல்லாம் அப்பாவுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. ஒன்பது வருஷம் ராத்திரி கண் விழித்தே கற்றுக்கொண்டார்.

ஒன்பது வருஷமாக அப்பா இரவில் ஒழுங்காகத் தூங்கியதில்லை. இரண்டாம் ஆண்டில் நான் மைக்ரோகன்ட்ரோலர் படித்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. அப்பாவுக்குப் பதில் ஒரு கருவி விழித்திருந்தால் என்ன?

செய்தேன். மோட்டாருக்குப் போகிற வயரில் ஒரு மின்னோட்ட உணரியை மாட்டினேன். அதை ஓர் ஆர்டுயினோ பலகையில் இணைத்தேன். பலகையிலிருந்து ஒரு வயர் என் பழைய லேப்டாப்புக்கு. மின்னோட்டம் நின்றால், லேப்டாப்பில் ஓடுகிற என் பைதான் நிரல் ஸ்பீக்கரில் சங்கு ஊதும். வீட்டிலிருந்தே போனில் பார்க்கலாம் என்று பண்ணையின் வைஃபையிலும் இணைத்துவிட்டேன். லேப்டாப்பைக் காவல் கொட்டகையில் ஒரு மரப்பெட்டி மேல் வைத்தேன். ஒரு வாரம் சோதித்துப் பார்த்தோம். ஏரேட்டரை நிறுத்தியதும் ஒவ்வொரு முறையும் சங்கு ஊதியது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்துக் குளத்து ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, "எம்புள்ள பண்ணது" என்று காட்டினார்.

"இனிமே நீ படுத்துத் தூங்குப்பா. நின்னா அது எழுப்பும்" என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. என்னைவிட என் படிப்பை அவர் அதிகம் நம்பினார்.

2025 ஜூலை 9, புதன்கிழமை. மறுநாள் பௌர்ணமி. சாயங்காலம் நான் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். லேப்டாப் திரையில் ஒரு செய்தி வந்து நின்றது. புதுப்பிப்பு முடிய மறுதொடக்கம் தேவை என்றது. நான் அதைப் படிக்கக்கூட இல்லை. மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கித் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலை ஐந்து மணிக்கு அம்மா என்னை உலுக்கி எழுப்பினார். நான் ஓடிப் போனபோது அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஏரேட்டர்கள் மறுபடி சுற்றின. ஆனால் கடைசிக் குளத்தில் கரையோரமெல்லாம் இறால் வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தது. கொக்குகள் வந்து இறங்கிவிட்டன. அன்று காலை நானும் அப்பாவும் செத்த இறாலைப் பன்னிரண்டு கூடை வாரினோம்.

நடந்தது இதுதான். மூன்று மணி சுமாருக்கு மூன்று பேஸில் ஒரு பேஸ் போய்விட்டது. ஸ்டார்ட்டரில் உள்ள சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் தன் கடமையைச் செய்து மோட்டார்களை நிறுத்திவிட்டது. கொட்டகை விளக்கும் மின்விசிறியும் வேறு பேஸில் இருந்ததால் அவை ஓடிக்கொண்டே இருந்தன. அதனால் கரன்ட் போனதே அப்பாவுக்குத் தெரியவில்லை. சங்கும் ஊதவில்லை. நான்கு மணிக்கு அவராகவே விழித்திருக்கிறார். "சத்தம் இல்லாததுதாண்டா எழுப்பிச்சு" என்றார். ஒன்பது வருஷத்துப் பழக்கம். அது இல்லையென்றால் ஒரு குளம் இல்லை, நான்கு குளமும் போயிருக்கும்.

முதலாளி எட்டு மணிக்கு வந்தார். கேட்ட முதல் கேள்வி, "நீ என்னாய்யா பண்ணிகினு இருந்த?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "தூங்கிட்டேன் முதலாளி. தப்புதான்" என்றார்.

நண்பர்களே, அந்த ஒரு வார்த்தையை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. படுத்துத் தூங்கச் சொன்னவன் நான். இரண்டு மாதச் சம்பளம் பிடிக்கப்படும் என்று சொன்னார்கள். அப்பா தலையாட்டினார். நான் வாய் திறக்காமல் நின்றேன்.

லேப்டாப்பைத் திறந்தால் கடவுச்சொல் கேட்டு நின்றது. என் நிரல் ஓடவில்லை. பேட்டரி போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். சொல்லப்போனால் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பிறகு நம் கல்லூரி ஆய்வகத்தில் ஓர் ஆசிரியர், "ஈவென்ட் வியூவரைப் பாருடா. கணிப்பொறி தன் டைரியைத் தானே எழுதும்" என்றார். பார்த்தேன். 'சிஸ்டம்' பதிவில் 1074 என்ற எண்ணுடன் ஒரு வரி இருந்தது. மின்சாரம் திடீரென்று போய் அணைந்திருந்தால் 41, 6008 ஆகிய எண்கள் இருக்கும். 1074 என்றால் யாரோ ஒருவர் சொல்லி முறையாக நிறுத்தியது என்று பொருள். அந்த "யாரோ" புதுப்பிப்பு வேலை. நேரம் இரவு 2.17. நான் சாயங்காலம் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிய அதே வேலைதான்.

இது எப்படி நடக்கிறது என்பதைப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கிற ஏரேட்டருக்கு பேரிங் மாற்ற முடியுமா? நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். விண்டோஸிலும் அப்படித்தான். ஒரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்பை அதன் மேலேயே மாற்ற முடியாது. புதிய கோப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த முறை கணிப்பொறி தொடங்கும்போது இடம் மாற்றிக்கொள்ளும். அதற்குத்தான் மறுதொடக்கம். லினக்ஸில் பழைய கோப்பை ஓடுகிற நிரலிடம் விட்டுவிட்டுப் புதியதை அதே பெயரில் வைக்க முடியும். ஆனாலும் கெர்னல் என்கிற அடிப்படைப் பகுதி மாறினால், பெரும்பாலும் அதற்கும் மறுதொடக்கம் வேண்டும்.

2003 அக்டோபர் முதல் மைக்ரோசாப்ட் தன் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால், ஜூலையில் நமக்குச் செவ்வாய் இரவு பத்தரை. ஆக நமக்கு அது புதன்கிழமை வேலை. 2025 ஜூலையின் இரண்டாம் செவ்வாய் 8-ஆம் தேதி. என் லேப்டாப் ஒன்பதாம் தேதி செய்தி காட்டியதில் ஆச்சரியமே இல்லை.

விண்டோஸ் 10-இல் 2016 முதல் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. நாம் வேலை செய்யும் நேரத்தைச் சொல்லிவிட்டால், அந்த நேரத்தில் தானாக மறுதொடக்கம் செய்யாது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் காலை 8 முதல் மாலை 5 வரை என்று அதுவே வைத்துக்கொள்ளும். அலுவலகத்துக்கு அது சரி. எங்கள் அப்பாவுக்கு வேலையே மாலை ஆறுக்குத்தான் தொடங்குகிறது! இரவில் யாரும் விசையைத் தொடாததால், கணிப்பொறி சும்மா இருக்கிறது என்று அது எடுத்துக்கொண்டது. உள்ளே ஒரு நிரல் ஒரு குளத்தையே காவல் காக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சரி, தடுப்பது எப்படி? உங்களில் பலர் ப்ராஜெக்ட் அறிக்கையையும் வரைபடத்தையும் இரவில் திறந்துவைத்துவிட்டுப் படுக்கிறவர்கள். ஆகவே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: 'செட்டிங்ஸ்' போய் 'விண்டோஸ் அப்டேட்' பகுதியில் ஆக்டிவ் ஹவர்ஸை உங்கள் நேரத்துக்கு மாற்றுங்கள். விண்டோஸ் 11-இல் அது 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே இருக்கிறது. அதிகபட்சம் 18 மணி நேரம் கொடுக்கலாம். நான் மாலை 5 முதல் மறுநாள் காலை 11 வரை என்று வைத்தேன். மீதி ஆறு மணி நேரம் நல்ல வெயில் நேரம். பாசி பிராணவாயு தரும் நேரம். குளத்துக்கு எது நல்ல நேரமோ அதுவே கணிப்பொறிக்கும்.

இரண்டு: அங்கேயே, மறுதொடக்கம் தேவைப்படும்போது அறிவிப்புக் காட்டு என்று ஒரு பொத்தான் உண்டு. அதைப் போட்டுவையுங்கள். அறிவிப்பு வந்தால் என்னைப் போலத் தள்ளிவிடாதீர்கள்.

மூன்று: முக்கியமான வேலை, தேர்வு வாரம் என்றால் புதுப்பிப்பையே சில நாள் நிறுத்திவைக்கலாம். 'பாஸ் அப்டேட்ஸ்' என்பது அதுதான். ஐந்து வாரம் வரை தள்ளலாம். அதன்பின் நிலுவையில் உள்ளதைப் போட்டுக்கொண்டால்தான் மறுபடி தள்ள முடியும்.

நான்கு: விண்டோஸ் 'ப்ரோ' வைத்திருப்பவர்கள் 'குரூப் பாலிசி எடிட்டர்' திறந்து விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போனால், பயனர் உள்ளே இருக்கும்போது தானாக மறுதொடக்கம் செய்யாதே என்று ஒரு விதி இருக்கும். அதை இயக்கலாம். தானியங்கிப் புதுப்பிப்பைக் குறித்த நேரத்தில் நிறுவு என்கிற நான்காவது தேர்வில் வைத்திருந்தால்தான் இந்த விதி வேலை செய்யும். 'ஹோம்' பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது.

இதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் புதுப்பிப்பு சர்வீஸையே ஒரேயடியாக அணைத்துவிடலாம் என்று கிளம்பினேன். ஆசிரியர்தான் தடுத்தார். "2003, 2017 ரெண்டையும் போய்ப் படிச்சிட்டு வா. அப்புறம் அணைக்கலாம்" என்றார்.

படித்தேன். 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு உலகம் முழுக்கப் பரவியது. அதற்கான மருந்தை ஜூலை 16-ஆம் தேதியே கொடுத்துவிட்டார்கள். போட்டுக்கொள்ளாதவர்களின் கணிப்பொறிகள், அறுபது விநாடியில் அணையப் போகிறேன் என்று சொல்லித் தாமாகவே மறுதொடக்கம் ஆயின. மறுதொடக்கத்துக்குப் பயந்து புதுப்பிக்காதவனுக்கும் கடைசியில் மறுதொடக்கம்தான்! 2017 மே 12-இல் 'வான்னாக்ரை' வந்தது. அதற்கும் மார்ச் 14-ஆம் தேதியே மருந்து இருந்தது. ஆனாலும் நூற்றைம்பது நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் மாட்டின. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின.

மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுக் கொடுத்தார்கள். ஆக, புதுப்பிக்காமல் இருப்பதும் ஆபத்து. கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுவதும் ஆபத்து. எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை மனுஷன் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

இன்னொன்றும் புரிந்தது. அது கொஞ்சம் வலித்தது. கணிப்பொறி மறுதொடக்கம் ஆனது சின்னத் தப்பு. என் வடிவமைப்புதான் பெரிய தப்பு. ஆபத்து வந்தால் சத்தம் போடுகிற கருவியைச் செய்தேன். கருவியே செத்துப்போனால் யார் சத்தம் போடுவார்கள் என்று யோசிக்கவில்லை. நான் செய்த கருவி நன்றாக இருந்தாலும் மௌனம், செத்தாலும் மௌனம். அப்பா எப்படி எழுந்தார்? சத்தம் நின்றதால் எழுந்தார். பள்ளிக்கூடம் போகாத மனிதரின் காதில் இருந்த தத்துவம், படித்த என் கருவியில் இல்லை.

இரண்டாவது கருவியை அந்தத் தத்துவத்தில் செய்தேன். சங்கை லேப்டாப்பிலிருந்து எடுத்து, நேரே ஆர்டுயினோவில் மாட்டினேன். அதற்குத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி. மின்னோட்டம் நின்றால் கணிப்பொறியைக் கேட்காமலே அது ஊதும். லேப்டாப்புக்குக் கணக்கு எழுதுகிற வேலை மட்டும்தான். அதுவும் பத்து விநாடிக்கு ஒருமுறை, "நான் இருக்கிறேன்" என்று பலகைக்கு ஒரு எழுத்து அனுப்ப வேண்டும். ஒரு நிமிஷம் அனுப்பாவிட்டால் பலகை விட்டுவிட்டுக் கூவும். ஆர்டுயினோ ஊனோவில் உள்ள சில்லுக்குள்ளேயே இந்த மாதிரி ஒன்று உண்டு. வாட்ச்டாக் டைமர் என்பார்கள். நிரல் மாட்டிக்கொண்டு நின்றால் சில்லைத் தட்டி எழுப்பும். அதையும் இயக்கினேன். வாட்ச்டாக் என்றால் காவல் நாய் என்று அப்பாவிடம் சொன்னேன். "நாயிக்கு ஒரு நாயா?" என்று சிரித்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. முதலாளியிடம் போனேன். அப்பா, "வேணாண்டா, வுட்டுடு. எம்மேல போனது எம்மேலயே போவட்டும்" என்றார். கேட்கவில்லை. 2.17 என்று பதிவான அந்த வரியைக் காகிதத்தில் அச்செடுத்து எடுத்துப் போனேன். "எங்கப்பா தூங்கினது என் பேச்சைக் கேட்டு. தப்பு என்னுது" என்றேன். முதலாளி காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. சம்பளம் பிடித்தது பிடித்ததுதான், திரும்பத் தரவில்லை. ஆனால் அன்று அப்பாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. என் பழைய லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. எனவே லினக்ஸ் போட்டுவிட்டேன். இப்போது தானாக மறுதொடக்கம் செய்யும் தொல்லை இல்லை. இருந்தாலும் புதுப்பிப்பையும் மறுதொடக்கத்தையும் நாங்கள் விடவில்லை. அதை இப்போது செய்வது அப்பா.

புதன்கிழமை மதியம் சாப்பிட்டதும் பண்ணைக்குப் போவார். வெயில் நன்றாக இருக்கிறதா என்று குளத்தைப் பார்ப்பார். நான் ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டிய பொத்தானை அமுக்குவார். கணிப்பொறி அணைந்ததும் பலகை கூவ ஆரம்பிக்கும். "ம், கத்துது" என்பார். கணிப்பொறி திரும்ப வந்து கூவல் நின்றதும், "ம், வந்துடுச்சு" என்பார். அதன் பிறகு ஒரு வயரைப் பிடுங்கிச் சங்கு ஊதுகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். எழுத்துத் தெரியாத அந்தக் கை, நான் செய்யத் தவறியதை வாரம் தவறாமல் செய்கிறது.

இரவில் தூங்குகிறாரா என்று கேட்பீர்கள். தூங்குகிறார். ஆனால் மூன்று மணிக்கு ஒருமுறை எழுந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி படுக்கிறார். "கருவி மேல நம்பிக்கை இல்லியாப்பா?" என்று கேட்டேன்.

"இருக்குடா. அதுக்கும் ஒரு ஆள் தொணை வேணும்ல" என்றார்.

நண்பர்களே, நாளைக்கு நாம் ஒவ்வொருவரும் ஒரு தொழிற்சாலையிலோ, துணை மின்நிலையத்திலோ, மருத்துவமனையிலோ ஏதோ ஒரு கருவியை நிறுவப் போகிறோம். அதை நம்பி யாராவது ஒருவர் கண் அசரப் போகிறார். அவர் யாரோ ஒருவருடைய அப்பா. திரையில் வருகிற செய்தியைத் தள்ளிவிடுவதற்கு முன், தயவுசெய்து ஒருமுறை படித்துவிடுங்கள்.